நகல் எடுத்தவர் பெயருக்கு மாறிவிடும் கோப்புகள்

ராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் பொருள்களை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில், கணக்கு அறையின் மூலையில் குளிர்சாதனம் எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்த சர்வரின் ஹார்டு டிஸ்க், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு மே மாதத்தில் நின்றுபோனது. நல்ல வேளையாக ஒவ்வோர் இரவும் வெளி டிஸ்க் ஒன்றில் காப்பு நகல் எடுக்கப்பட்டு வந்தது. காட்பாடியிலிருந்து போன நான் புதிய டிஸ்கில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை நிறுவி, ஊழியர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வெளி டிஸ்கைச் செருகி, நிர்வாகியின் அதிகாரத்தைத் தரும் சூடோ துணையோடு, கோப்புகளை நகலெடுக்கும் சிபி கட்டளையை இயக்கி எல்லாவற்றையும் நகலெடுத்தேன். திரையில் ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. இருட்டுவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார். "சார், ஃபைல் எல்லாம் இருக்கு, திறக்கவும் திறக்குது. சேவ் பண்ணத்தான் விடமாட்டேங்குது. சம்பள ஃபோல்டர் மட்டும் உள்ளேயே விடல." இந்த மூன்று வாக்கியங்களில் கோளாறு முழுவதும் அடங்கியிருந்தது. கோப்புகளின் உள்ளடக்கம் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் திரும்பியிருந்தது. ஆனால் அவை அனைத்தும் ரூட் என்ற நிர்வாகியின் சொத்தாகப் பதிவாகியிருந்தன. எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம் என்ற அனுமதி கொண்ட கோப்புகள் திறந்தன, சேமிக்க மறுத்தன. உரிமையாளரைத் தவிர வேறு யாரும் நுழையக்கூடாது என்று பூட்டப்பட்டிருந்த சம்பள அடைவு, அதை நாள்தோறும் கையாண்டவரையே வெளியே நிறுத்திவிட்டது. குழுவாகச் சேர்ந்து எழுதுவதற்கென அனுமதி பெற்றிருந்த கோப்புகளிலும் அந்த அனுமதி உதிர்ந்துபோயிருந்தது. நிர்வாகியின் கணக்கில் வழக்கமாக இருக்கும் 022 என்ற அனுமதி வடிகட்டி, புதிதாக உருவாகும் கோப்புகளில் குழுவின் எழுதும் உரிமையைக் கழித்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

இது எப்படி நேர்கிறது என்று புரிந்துகொள்ள, ஒரு கோப்பின் உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லினக்ஸ் உள்ளிட்ட, யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற சிறு குறிப்பேடு உண்டு. கோப்பின் அளவு, தேதிகள், அனுமதிகள் ஆகியவற்றோடு உரிமையாளரின் எண்ணும் குழுவின் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. அங்கே இருப்பது எண் மட்டுமே, பெயர் அல்ல. பட்டியலிட்டுப் பார்க்கும்போது நமக்குத் தெரியும் பெயர், அந்தக் கணினியின் அமைப்புக் கோப்புகள் வைக்கப்படும் ஈடிசி அடைவில் இருக்கும் பயனர் பதிவேட்டில் அந்த நேரத்தில் தேடி எடுத்துக் காட்டப்படுவது.

நம் ஊரில் இதற்கு நேரான ஒன்று பட்டா எண். இணையத்தில் பட்டா பார்க்கச் செல்கிறவரிடம் முதலில் எண் கேட்கப்படுவதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்த பிறகுதான் எண்ணுக்கு இடம் வருகிறது. காட்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 215 என்பது ஒருவரின் நிலத்தைக் குறிக்கும். குடியாத்தம் பக்கத்தில் அதே 215 முற்றிலும் வேறொருவரைக் குறிக்கும். கிராமத்தின் பதிவேடு பக்கத்தில் இல்லாமல் எண்ணுக்குப் பொருள் இல்லை. கணினியில் 1003 என்ற பயனர் எண்ணும் அப்படித்தான்: அது ஒரு குறிப்பிட்ட கணினியின் பதிவேட்டுக்குள் மட்டுமே ஓர் ஆளைச் சுட்டும். நில விவகாரத்தில் இந்த உண்மை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் ஆளை முடிவு செய்வதில்லை. கணினியிலோ பெயர் தானாகவே திரையில் வந்துவிடுவதால், அது எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை.

அடுத்த விதி எளியது. கோப்பை உருவாக்குகிறவரே அதன் உரிமையாளர். நகலெடுப்பது என்றால் பழைய கோப்பை நகர்த்துவது அல்ல, அதே உள்ளடக்கத்தோடு புதிய கோப்பு ஒன்றை உருவாக்குவது. ஆகவே நகலுக்கு உரிமையாளர் நகலெடுத்தவரே. சாதாரணப் பயனர் விஷயத்தில் இதை மாற்றவே முடியாது. லினக்ஸில் தன் கோப்பை இன்னொருவருக்குத் தாரைவார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. எப்போதும் எங்கும் அப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிஸ்டம் ஃபைவ் வழி யுனிக்ஸில் உரிமையாளர் தன் கோப்பை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். பெர்க்லி வழி யுனிக்ஸ் அதைத் தடை செய்தது. ஒவ்வொருவருக்கும் டிஸ்கில் இவ்வளவுதான் இடம் என்று அளவு விதித்த பிறகு, தன் பெரிய கோப்புகளை அடுத்தவர் கணக்கில் எழுதிவைத்துத் தப்பித்துக்கொள்ள விட முடியாது அல்லவா? லினக்ஸ் பின்பற்றுவது அந்தத் தடையைத்தான். எனவே உரிமையைப் பாதுகாத்து நகலெடுப்பது நிர்வாகி ஒருவரால் மட்டுமே முடிகிற வேலை. ஆனால் முடியும் என்பதால் தானாக நடந்துவிடாது. அவர் வாய்திறந்து கேட்க வேண்டும்.

சிபி கட்டளையில் கேட்கும் முறை சுருக்கமானது. மைனஸ் பி என்று சேர்த்தால் அனுமதி, உரிமை, தேதி ஆகியவை மூலக்கோப்பில் உள்ளபடியே வைக்கப்படும். லினக்ஸில் பரவலாக உள்ள குனூ சிபியில் மைனஸ் ஏ என்றால் அடைவுகளுக்குள் இறங்கி, வேறொரு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளையும் இணைப்புகளாகவே வைத்து, முடிந்த அனைத்தையும் பாதுகாக்கும். நான் அன்று இட்டது அடைவுகளுக்குள் இறங்குவதற்கான மைனஸ் ஆர் மட்டுமே. ஏமாற்றக்கூடிய நுணுக்கம் ஒன்றும் இதில் உண்டு. சேருமிடத்தில் அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால், வெறும் சிபி அதன் உள்ளடக்கத்தை மட்டும் அழித்து எழுதும். பழைய ஐநோடு அப்படியே இருப்பதால் பழைய உரிமையாளரும் மாறுவதில்லை. ஒன்றிரண்டு கோப்புகளை இப்படிச் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி, பின்பு காலி டிஸ்கில் முழுவதையும் கொட்டுகிறவர்கள் உண்டு. கோப்பை நகர்த்தும் எம்வி கட்டளையின் கதை வேறு: ஒரே கோப்பு முறைமைக்குள் அது பெயரை மட்டும் மாற்றுவதால் உரிமை தொடப்படுவதே இல்லை, வேறு டிஸ்குக்குப் போகும்போது நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிக்கும், அப்போது நிர்வாகியின் கையில் உரிமையைப் பாதுகாக்கவும் செய்யும்.

தவறு தெரிந்துவிட்டது, மைனஸ் ஏ என்று திருத்தி மீண்டும் நகலெடுத்தால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். வெளி டிஸ்கில் உரிமை எண்கள் ஒழுங்காக இருந்தன. நகலெடுத்து முடித்துப் பட்டியலைப் பார்த்தபோது ரூட் போய், ஊழியர்களின் பெயர்கள் வந்திருந்தன. ஆனால் சம்பள அடைவு, சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தவரின் பெயரில் இருந்தது. முதல் தவறில் வேலைதான் நின்றது. இந்த இரண்டாவது தவறில் ஒருவரின் இரகசியம் இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதையே சொல்வேன், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் தொலைபேசியில் புகார் செய்ய மாட்டார்கள்.

காரணம் பதிவேடு. பழைய கணினியில் கணக்காளர் 1003, சரக்குப் பிரிவினர் 1005. உபுண்டு சாதாரணப் பயனர்களுக்கு 1000 தொடங்கி வரிசையாக எண் தருகிறது. புதிய கணினியில் நான் கணக்குகளை நினைவுக்கு வந்த வரிசையில் சேர்த்ததால் இருவரின் எண்களும் இடம் மாறிவிட்டன. டிஸ்க் எண்களை மட்டுமே சுமந்து வந்தது, அந்த எண்களுக்குப் புதிய கணினி தன் பதிவேட்டிலிருந்து பெயர் சூட்டியது. இயங்குதளமே மாறினால் இன்னும் பெரிய இடைவெளி விழும். ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸும் அதன் வழிவந்த சென்ட்ஓஎஸும் 6ஆம் பதிப்பு வரை சாதாரணப் பயனர்களை 500இலிருந்து எண்ணின. 2014இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்துதான் 1000க்கு மாறின. வலைச் சேவையகத்தின் கணக்கு, உபுண்டு சேர்ந்த டெபியன் குடும்பத்தில் 33, ரெட்ஹாட் குடும்பத்தில் 48. தரவுத்தளங்கள் போன்றவற்றின் கணக்குகளுக்கு டெபியனில் நிலையான எண்ணே கிடையாது. எது முதலில் நிறுவப்பட்டதோ அதற்கு முதலில் கிடைத்த எண்.

பல கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் டார் என்ற பழைய கருவியின் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. காந்த நாடாக்களுக்காகப் பிறந்த அது, தொடக்கத்தில் எண்களை மட்டுமே எழுதிவைத்தது. யுனிக்ஸ் வழி இயங்குதளங்களுக்கான 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்தில் வகுக்கப்பட்ட வடிவத்தில் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எண்ணோடு பயனரின் பெயருக்கும் குழுவின் பெயருக்கும் தலா 32 பைட் ஒதுக்கப்பட்டது. அதாவது டார் தொகுப்பு தனக்கு வேண்டிய பதிவேட்டுப் பகுதியைத் தன்னுடனேயே எடுத்துச் செல்கிறது. நிர்வாகியாக அதைப் பிரிக்கும்போது குனூ டார் உரிமையைப் பாதுகாப்பதையே இயல்பாகக் கொண்டிருக்கிறது. முதலில் பெயரை இந்தக் கணினியின் பதிவேட்டில் தேடும், பெயர் கிடைத்தால் இங்குள்ள எண்ணை இடும், கிடைக்காவிட்டால் மட்டுமே தொகுப்பில் உள்ள எண்ணைப் பயன்படுத்தும். ராணிப்பேட்டை அலுவலகத்தின் காப்பு நகல் டார் தொகுப்பாக இருந்திருந்தால் கணக்காளரின் கோப்புகள் கணக்காளரிடமே போய்ச் சேர்ந்திருக்கும். எக்ஸ்ஃபேட் வடிவப் பென்டிரைவ் போல உரிமை என்ற கருத்தே இல்லாத இடத்திலும், டார் தொகுப்புக்குள் வைத்துவிட்டால் உரிமை அழியாது.

ஆனால் பெயரை முதலில் தேடும் அதே பழக்கம் இன்னொரு சூழலில் கெடுதலாகிவிடும். கணினி எழும்பவே மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்புப் பென்டிரைவிலிருந்து எழுப்பி, பழைய டிஸ்கை ஏற்றி, அதில் முழு அமைப்பையும் டார் தொகுப்பிலிருந்து பிரிக்கிறோம். இப்போது டார் பெயர்களைத் தேடுவது மீட்புப் பென்டிரைவின் பதிவேட்டில். அங்கே தரவுத்தளக் கணக்குக்கு ஓர் எண், டிஸ்கில் திரும்பி வரப்போகும் பதிவேட்டில் வேறோர் எண். பிரித்து முடித்து மறுபடி எழுப்பினால் தரவுத்தளத்தின் கோப்புகள் யாரோ ஒருவரிடம் இருக்கும். இதற்காகத்தான் எண்ணை மட்டும் பார்க்கச் சொல்லும் நியூமெரிக் ஓனர் என்ற விருப்பம் இருக்கிறது. ஆகவே கட்டளையைத் தட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கோப்புகளோடு பழைய பதிவேடும் திரும்பி வருகிறதா, அல்லது கோப்புகள் மட்டும் வேறொரு பதிவேட்டின் ஆட்சிக்குள் குடியேறுகின்றனவா? பழைய பதிவேடும் வருமானால் எண்ணை நம்ப வேண்டும். குடியேற்றம் என்றால் பெயரை நம்ப வேண்டும்.

இரண்டு இடங்களுக்கு இடையே கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே கேள்விதான். மைனஸ் ஏ என்று இட்டு, பெறும் பக்கத்தில் நிர்வாகியாக இயங்கினால் அது உரிமையைப் பாதுகாக்கும். இரண்டு கணினிகளுக்கு இடையே என்றால் டார் போலவே பெயரைப் பொருத்தும், பூஜ்யம் என்ற நிர்வாகி எண்ணை மட்டும் பெயர் பார்க்காமல் அப்படியே வைக்கும். நான் வெளி டிஸ்கைச் செருகி ஆர்சிங்க் ஓட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே கணினி, ஒரே பதிவேடு. பழைய பெயர்களை அறிந்த சாட்சி அந்த இடத்தில் யாருமே இல்லை. காப்பு நகலை வைக்கும் கணினியில் நிர்வாகி உரிமை கிடைக்காதபோது, உண்மையான உரிமையைக் கோப்பின் கூடுதல் பண்புகளில் குறித்துவைத்து, பின்னர் மீட்கும்போது எடுத்துப் பயன்படுத்தும் ஃபேக் சூப்பர் என்ற ஏற்பாடும் ஆர்சிங்கில் இருக்கிறது. தெரிந்தவர்கள் குறைவு, நல்ல ஏற்பாடு. வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக இன்னொரு சர்வரின் அடைவுக்குள் எழுதும்போது நிர்வாகி என்ற மகுடம் வாசலிலேயே கழற்றப்படும்: வழக்கமான அமைப்பில் அந்தச் சர்வர், வரும் ரூட்டை யாரும் அல்லாத ஒருவராக நடத்துவதால், உரிமை மாற்றும் முயற்சி தோற்கும்.

உரிமை தவறினால் சேமிக்க முடியாது என்பதோடு நிற்பதில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் தன் தரவு அடைவு தன்னை இயக்கும் பயனருக்குச் சொந்தமாக இல்லாவிட்டால் தொடங்கவே மறுத்துவிடும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையகம், ஒருவரின் வீட்டு அடைவோ சாவிக் கோப்போ வேறொருவர் பெயரில் இருந்தால் அந்தச் சாவியை ஏற்காது. இவை நல்ல மறுப்புகள், உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் நடப்பது வேறு. ஒரு நிரலின் உரிமையாளரை மாற்றும்போது, இயக்குகிறவருக்கு உரிமையாளரின் அதிகாரத்தைத் தரும் சிறப்பு அனுமதியை லினக்ஸ் பாதுகாப்புக்காகக் கழற்றிவிடும். அதனால் கையால் சரிசெய்கிறவர் முதலில் உரிமையை மாற்றி, அதன் பிறகே அனுமதிகளை இட வேண்டும்; வரிசை தவறினால் இட்ட அனுமதி காணாமல் போகும். எதிர்த் திசையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய டார் தொகுப்பை நிர்வாகியாகப் பிரித்தால், அதைக் கட்டியவரின் பெயர் நம் பதிவேட்டில் இல்லாதபோது, அவர் கணினியில் இருந்த எண் நம் கணினியில் உயிர்பெறும். அவர் தன் கணினியில் 1000 என்றால், நிரலின் கோப்புகள் அனைத்தும் நம் கணினியின் 1000ஆவது பயனருக்குச் சொந்தமாகி, அவர் விரும்பியபடி திருத்தக்கூடியவையாக ஆகிவிடும். அந்த இடத்தில் உரிமையைப் பாதுகாக்காமல் இருப்பதே சரி.

விண்டோஸில் எண் மட்டும் தனியாக நிற்பதில்லை. அதன் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பின் உரிமையாளராகப் பதிவாகும் எஸ்ஐடி என்ற அடையாளத்துக்குள், அந்தக் கணினிக்கோ பல கணினிகள் அடங்கிய டொமைனுக்கோ உரிய நீண்ட எண்ணும் அடங்கியிருக்கிறது. பட்டா எண்ணோடு கிராமத்தின் பெயரையும் சேர்த்தே எழுதியது போல. அதனால் டிஸ்கை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் தவறான பெயர் வருவதில்லை, எஸ்-1-5-21 என்று தொடங்கும் அடையாளம் தெரியாத கணக்காகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் அந்த வடிவமைப்பு நேர்த்தியானது என்றே நான் கருதுகிறேன். நகலெடுக்கும்போது உரிமை தொலைவதில் மட்டும் வேறுபாடு இல்லை: விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி இயல்பாகக் கோப்புகளின் உள்ளடக்கம், பண்புகள், தேதிகள் ஆகிய மூன்றையே எடுக்கும்; உரிமையும் வேண்டுமென்றால் காப்பிஆல் என்று கேட்க வேண்டும். இன்னொருவரை உரிமையாளராக எழுத, கோப்புகளை மீட்பதற்கான தனிச் சலுகையும் வேண்டும்.

உரிமை தொலைந்த பிறகு மீட்பதற்கு வழிகள் உண்டா என்றால், சாட்சி எங்கே மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய டார் தொகுப்பு ஒன்று கிடைத்தால், அதைப் பிரிக்காமலே பட்டியலிட்டு உரிமையாளர் பெயர்களைப் படிக்கலாம். டிஸ்கில் உள்ளதோடு ஒப்பிட்டு எங்கே வேறுபடுகிறது என்றும் அதையே சொல்ல வைக்கலாம். ரெட்ஹாட் வழி அமைப்புகளில், நிறுவிய மென்பொருளின் கோப்புகளுக்கு உரிய உரிமையை, மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் ஆர்பிஎம் தன் தரவுத்தளத்திலிருந்து மீண்டும் இட்டுத்தரும். டெபியன் வழியில் அதே வேலையைச் செய்யும் டிபிகேஜியிடம் அப்படி ஒரு வசதி இல்லை. ஏசிஎல் எனும் கூடுதல் அனுமதி விவரங்களைப் பட்டியலாக எழுதிவைக்கும் கெட்ஃபேக்ல் கட்டளை உரிமையாளரையும் குழுவையும் சேர்த்தே எழுதுகிறது, செட்ஃபேக்ல் அந்தப் பட்டியலைப் படித்துத் திரும்ப இடுகிறது. இரவுதோறும் அந்தப் பட்டியலையும் காப்பு நகலோடு போட்டுவைப்பதற்கு ஆகும் இடம் மிகக் குறைவு.

ராணிப்பேட்டையில் எனக்குக் கிடைத்த சாட்சி, காப்பு நகலுக்குள்ளேயே இருந்தது. ஈடிசி அடைவும் நகலெடுக்கப்பட்டிருந்ததால் பழைய பயனர் பதிவேடு அங்கே இருந்தது. அதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து யாருக்கு எந்த எண் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டேன். 1003ஐ எல்லாம் 1005 ஆக்கு, பிறகு 1005ஐ எல்லாம் 1003 ஆக்கு என்று இரண்டு கட்டளைகளை எழுதியும்விட்டேன். என்டர் தட்டப்போகும் நேரத்தில்தான் உறைத்தது: முதல் கட்டளை முடிந்த கணத்தில் இருவரின் கோப்புகளும் 1005 ஆகிவிடும், இரண்டாவது கட்டளை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் 1003இடம் கொடுத்துவிடும். இடையில் யாரும் பயன்படுத்தாத மூன்றாவது எண் ஒன்று வேண்டும்; இல்லையென்றால் எல்லா மாற்றங்களும் ஒரே ஓட்டத்தில் நடக்க வேண்டும். 2013இல் வந்த ஆர்சிங்க் 3.1.0 பதிப்பிலிருந்து, எந்த எண்ணுக்குப் பதிலாக எந்த எண்ணை இட வேண்டும் என்று பட்டியலாகக் கொடுக்கும் யூசர்மேப் என்ற விருப்பம் இருக்கிறது. குழுக்களுக்கு குரூப்மேப். இரண்டையும் எழுதி, முதலில் எதையும் மாற்றாமல் என்ன மாறும் என்று மட்டும் காட்டச் சொல்லி, ஒவ்வொரு வரியிலும் உரிமை மாறுவதைக் குறிக்கும் ஓ என்ற எழுத்தைத் தேடிப் பார்த்த பிறகே உண்மையாக ஓடவிட்டேன். சம்பள அடைவைத் திறந்து, ஒரு கோப்பில் இடைவெளி ஒன்றைச் சேர்த்துச் சேமித்துப் பார்க்கும்படி கணக்காளரிடம் சொன்னேன். சரக்குப் பிரிவினரையும் அழைத்து அதே அடைவைத் திறக்கச் சொன்னேன். அவருக்கு அது திறக்கவில்லை.